மதராசி பெட்டி

கொல்கத்தாவுக்கு நான் போனது ஒரு கல்யாணத்துக்கு. கல்யாணம் ஒரே நாள். திரும்பி வர ரயில் டிக்கெட் கிடைத்ததோ நாலு நாள் கழித்து. நடுவில் கிடைத்த மூன்று நாளையும் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் கழித்தேன் என்று வீட்டில் சொன்னபோது, "விக்டோரியா மெமோரியல் பார்த்தியா?" என்றார்கள். இல்லை. "தட்சிணேஸ்வரம்?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்குப் போனே?" என்றாள் அம்மா. பதிலாக பழைய இசைத்தட்டுகள் அடுக்கிய ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் ஒரு ஈ.பி. இருந்தது. ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. எந்தப் படம் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே விலை ஏறிவிடும், நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். 1994இல் ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு வீடு மாற்றியபோது, தட்டுகள் இருந்த பெட்டியின் மேல் லாரிக்காரர்கள் கிரைண்டரை ஏற்றி வைத்துவிட்டார்கள். விழுப்புரம் தாண்டுவதற்குள் கதை முடிந்திருக்கும். அப்பா யாரையும் திட்டவில்லை. பிளேயரைத் துடைத்துப் பரண் மேல் வைத்தார், அவ்வளவுதான். அதை நான் இறக்கிச் சரிபண்ணி நாலு வருஷம் ஆகிறது.

கொல்கத்தா என்றதும் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் டம்டம். சின்ன வயதில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளில் இருக்கும் எழுத்தையெல்லாம் படிப்பேன். நாய், கிராமபோன் குழாய், ஓரத்தில் எங்காவது டம்டம் என்ற பெயர். ஏதோ மேளச் சத்தத்தைத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது கொல்கத்தாவில் ஒரு புறநகர் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தா வந்து, அந்த ஊர்ப் பாடகி கௌஹர் ஜானைப் பாட வைத்தார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். பாடியது யார் என்று அங்கே இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான், பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார் என்பார்கள். 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை வந்தது. 1928இல் அது டம்டமுக்கு இடம் மாறியது. நம் வீடுகளில் ஓடிய நாய்ப் படத் தட்டுகள் அங்கிருந்து வந்தவைதான்.

ஆகவே கொல்கத்தாவில் தமிழ்த் தட்டு கொட்டிக் கிடக்கும் என்று கணக்குப் போட்டேன். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் சர்க்கரை சும்மா கிடைக்கும் என்று நினைக்கிற மாதிரியான கணக்கு. அச்சான தமிழ்த் தட்டெல்லாம் அப்போதே மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டது. கொல்கத்தாக் கடைகளில் இன்று இருக்கிற சொற்பம், லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலிருந்து வந்தது. தாத்தா போவார், பேரன் பெங்களூருக்கு வேலைக்குப் போவான், ஃபிளாட்டைக் காலி பண்ணுவார்கள். பழைய சாமான் எடுக்கிறவரை அங்கே பிக்ரிவாலா என்கிறார்கள். செய்தித்தாள், பித்தளைக் குத்துவிளக்கு, தட்டு எல்லாம் ஒரே சாக்கில் அவரிடம் போகும். அவரிடமிருந்து கடைக்கு. எந்த ஊருக்குப் போனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. இந்த ஊரில் யார் வீடு காலியாகிறது? அவர்கள் கேட்டதுதான் கடையில் இருக்கும்.

ஃப்ரீ ஸ்கூல் தெருவுக்கு இப்போது மிர்ஸா காலிப் தெரு என்று பெயர். ரிக்‌ஷாக்காரர் முதல் போலீஸ்காரர் வரை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு முனையில் பார்க் தெரு, இன்னொரு பக்கம் நியூ மார்க்கெட். நடுவில் ஆர்மீனியன் கல்லூரி, பழைய புத்தகக் கடைகள், சூட்கேஸ் கடைகள், ரோல் சுடும் வண்டிகள், இவற்றுக்கிடையில் தட்டுக் கடைகள். கடை என்றால் நம் ஊர் பெட்டிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம், மூன்றாமவர் வந்தால் முதலாமவர் எழுந்து வெளியே வர வேண்டும். சுவர் தெரியாது. தரையிலிருந்து கூரை வரை தட்டுதான்.

ஆங்கிலத் தட்டு அங்கே ஏன் இவ்வளவு என்று யோசித்தால் பார்க் தெரு ஞாபகம் வருகிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்தத் தெரு ஹோட்டல்களில் ராத்திரி முழுக்க பேண்ட் வாசித்தார்கள். மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு கிளப்பில் பாட ஆரம்பித்த உஷா உதுப், காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாக டிரிங்காஸ் ஹோட்டலில் பாடிய தெரு அது. அந்தக் காலத்து ஜாஸ், ராக் தட்டுகள் கைமாறிக் கைமாறி இன்றும் அதே தெருவைச் சுற்றி வருகின்றன.

முதல் நாள் காலை ஒன்பதரைக்கே போய் நின்றேன். எல்லாக் கடையும் பூட்டு. பதினொன்றுக்கு மேல்தான் ஷட்டர் ஏறும், அதுவும் ஒவ்வொன்றாக. மதியம் சாப்பாட்டுக்கு மறுபடி இறங்கினாலும் இறங்கும். மூன்றிலிருந்து ஆறு வரைதான் நல்ல நேரம். கடைக்காரருக்கும் அவசரம் இருக்காது, கூட்டமும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள்.

அன்றைக்கு நான் செய்த இன்னொரு தப்பு செல்போன். ஒவ்வொரு தட்டாக உருவி, தட்டு வாங்கி விற்கும் இணையதளமான டிஸ்காக்ஸில் அடித்து, விலை பார்த்து, திரும்பச் செருகிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டதற்கெல்லாம் "நஹி", அதாவது இல்லை, என்ற ஒரே பதில். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை நஹி. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். சந்தையில் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து மொபைலில் படம் பிடிக்கிறவனுக்கு யார் நல்ல காய் எடுத்துக் கொடுப்பார்கள்? டிஸ்காக்ஸில் தெரிகிற விலையும் பெரும்பாலும் விற்கிறவர்கள் ஆசைப்படுகிற விலை. உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்று தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். அதை லாட்ஜில் படுத்துக்கொண்டு செய்யலாம்.

நாலாவதோ ஐந்தாவதோ கடை, ஒரு சந்தின் வாயில் இருந்தது. வயதான முஸ்லிம் பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார். "சாச்சா, தமிழ் இருக்கா?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். ஸ்டூலை நகர்த்தி, மேசைக்கு அடியிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியைக் காலால் தள்ளினார். "மதராசி," என்றார்.

மேலே இருந்ததே வேங்கடேச சுப்ரபாதம். 1963இல் எம்.எஸ். பாடி வந்த எல்.பி., அதாவது நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஓடும் பெரிய தட்டு. அதற்குக் கீழே இன்னொரு சுப்ரபாதம். அதற்குக் கீழே மூன்றாவது. சாச்சா சிரித்தார். "இது வேண்டுமானால் தள்ளிக்கொடுக்கிறேன், வீட்டுக்கு வீடு இருக்கிறது." வீட்டுக்கு வீடு இருந்தது என்பதுதான் அதன் பெருமை, அதுவேதான் அதன் விலையும். அதிகம் விற்ற தட்டு மலிவு, யாருமே வாங்காமல் போன தட்டு தங்கம். படுதோல்வி அடைந்த படத்தின் ஈ.பி. நாலாயிரம் கேட்கிறார்கள். படத்துக்கு அந்தப் பணம் வந்திருந்தால் தயாரிப்பாளர் பிழைத்திருப்பார்.

பத்துப் பதினைந்து தட்டு தள்ளியிருப்பேன். அப்பாவின் ஈ.பி. உறை. அதே நீலம், அதே கோணல் எழுத்து. நெஞ்சு அடித்துக்கொண்டது வெளியே கேட்டிருக்கும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத இரண்டு எல்.பி.யோடு சேர்த்து நீட்டினேன். மூன்றும் சேர்த்து எழுநூறு சொன்னார், அறுநூறுக்குத் தந்தார். சட்டர் தெரு லாட்ஜுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து கட்டிலில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன்.

உள்ளே தெலுங்குப் படத் தட்டு.

உறையைப் பார்த்து வாங்காதே, தட்டை வெளியே எடுத்து லேபிளைப் படி என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இன்னொருவருக்குச் சொல்லும்போது வருகிற புத்தி, ஆசைப்பட்டது கையில் கிடைக்கும்போது வருவதில்லை. பழைய தட்டு வாங்குகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். உறையும் லேபிளும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பிறகு தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பு வழியாகப் பாருங்கள், அப்பளம் மாதிரி வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தது கீறல். டியூப்லைட்டுக்கு அடியில் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படாத மயிர்க்கீறல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. குறுக்கே விழுந்த கீறல் எல்.பி.யில் 1.8 விநாடிக்கு ஒரு முறை 'டிக்' என்னும், பழகிக்கொள்ளலாம். பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தோடு கூடவே போகிற கீறல்தான் ஆபத்து. நாம் பேச்சில் திட்டுகிற 'கீறல் விழுந்த ரெக்கார்டு' அதுதான், முள் அங்கேயே மாட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லும்.

நடு ஓட்டையைச் சுற்றியும் பாருங்கள். இருட்டில் சாவி போடுகிறவன் கதவைச் சுரண்டின மாதிரி லேபிளில் கோடுகள் நிறைய இருந்தால், அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. தமிழ் சினிமாத் தட்டுகளில் இது ரொம்ப முக்கியம். நம்மூரில் பாதித் தட்டு சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் இருந்தவை. காதுகுத்து, மஞ்சள்நீர், கோயில் கொடை என்று ஆயிரம் முறை ஓடித் தேய்ந்தவை. பார்க்கப் பளபளவென்று இருக்கும், போட்டால் வறுகடலைக் கடை மாதிரி சத்தம். கடையில் பிளேயர் இருந்தால் போடச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். லேபிளை நெருங்க நெருங்கப் பள்ளத்தின் சுற்று குறுகும், தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் தரப்பட்டியலில் 'குட்' என்று ஒரு படி உண்டு. வாங்கிவிடாதீர்கள். அவர்கள் அகராதியில் அதற்குப் பொருள் 'ஏதோ ஓடும்'.

மறுநாள் திரும்பப் போனேன். சண்டை போட அல்ல. உறை இங்கே இருக்கிறது என்றால் அதன் தட்டு அதே பெட்டியில் வேறு உறைக்குள் இருக்கலாம் அல்லவா? சாச்சாவிடம் தெலுங்குத் தட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "மதராசிதானே?" என்றார். இது தெலுங்கு, நான் தமிழ் என்றேன். ஏதோ முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர் போல என்னை நிமிர்ந்து பார்த்தார். லேபிளில் மொழியின் பெயரை ஆங்கிலத்தில் சின்னதாக அச்சிட்டிருக்கிறார்கள்தான். அந்த எழுத்து அவர் கண்ணுக்கு எட்டுவதில்லை, அவருக்கு அதில் அக்கறையும் இல்லை.

"சாச்சா, நான் பிரித்துத் தரட்டுமா?"

கிட்டத்தட்ட இருநூறு தட்டு. கடைக்கு வெளியே நடைபாதையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். தமிழ் ஒரு அடுக்கு, தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஒவ்வொன்று. சமஸ்கிருத ஸ்தோத்திரங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐந்தாவதாக ஒரு அடுக்கு. ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து எடுத்து, சரிபார்த்து, சொந்த உறைக்கு மாற்றினேன். விரலெல்லாம் கருப்பு. கொல்கத்தாவின் ஈரக்காற்றில் தட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும், உறையைப் பிரித்தாலே வெள்ளைப் பொடி பறக்கும். முகக்கவசம் கொண்டுபோகாததற்கு இரண்டு நாள் தும்மினேன். பூஞ்சை கண்டு பயப்பட வேண்டாம், வினைல் என்கிற பிளாஸ்டிக் தட்டில் அது கழுவினால் போகிறது. காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி, லேபிள் நனையாமல் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

மூன்று மணிக்குச் சாச்சா மண்குவளையில் டீ வாங்கி வந்தார். நாலு மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் வந்து, "இந்தப் பையன் யாரு, புது ஆளா?" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. ஐந்து மணிக்குப் பெட்டி முடிந்தது. எட்டுத் தட்டுக்குச் சொந்த உறை கிடைத்துவிட்டது. அப்பாவின் ஈ.பி. மட்டும் இல்லை.

சாச்சா எழுந்து, பின்னால் தொங்கிய பெட்ஷீட்டை விலக்கினார். அங்கே இன்னொரு அறை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. முந்தின நாள் கேட்டிருந்தால் நஹி என்றுதான் சொல்லியிருப்பார். "ஆவோ பேட்டா," என்றார். வா மகனே என்று அர்த்தம்.

உள்ளே முழுக்க 78கள், நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள். பத்து அங்குலம், கருங்கல் மாதிரி கனம், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். இவை வினைல் அல்ல, அரக்கு. நாம் கடுதாசிக்கு முத்திரை வைப்போமே, அந்த அரக்கோடு கல்பொடி கலந்து அழுத்தியது. மரத்தில் பூச்சி கட்டுகிற கூடு பாட்டாகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஒரு மணி நேரத்தில் தமிழில் ஆறு எடுத்தேன். மூன்று நாதஸ்வரம், இரண்டு நாடகப் பாட்டு, ஒன்றில் லேபிளே போய்விட்டது. ஒவ்வொன்றும் ஐம்பது ரூபாய். லேபிள் இல்லாததற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

78 வாங்கும் ஆசை இருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. எல்.பி. போடுகிற முள்ளை அதில் வைக்காதீர்கள். 78இன் பள்ளம் மூன்று மடங்கு அகலம், சின்ன முள் அடியில் கிடந்து உருளும், இரண்டும் கெடும். அதற்கென்று தனி முள் வாங்க வேண்டும், வேகமும் 78 இருக்கிற பிளேயராகப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிட்டோ சானிடைசரோ வைத்துத் துடைக்கவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். பாட்டைத் துடைத்தே அழித்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார், இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

ஊருக்குக் கொண்டுவருவது தனிக் கலை. எல்.பி. இருபது சேர்ந்தால் ஐந்து கிலோ வரும், விமானத்தில் கைப்பையில் ஏழு கிலோதான் என்பதை நினைவில் வையுங்கள். நான் ஹௌரா மெயிலில் வந்தேன். தட்டை உறைக்குள்ளேயே வைத்துக் கட்டினால் குலுங்கும்போது அதன் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். அதனால் தட்டை உள்காகிதத்தோடு வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். படுக்கப் போடாமல் நிற்க வைக்க வேண்டும். பெட்டியை ஜன்னலோர இருக்கைக்குக் கீழே, இரண்டு பைகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தேன். வெயில் படாத மூலை. வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கிண்ணமாகியிருக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒன்று போயிற்று. விஜயவாடாவில் ஏறின குடும்பத்தின் குழந்தை பெட்டி மேல் ஏறி ஜன்னலில் எட்டிப் பார்த்தது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது. இரண்டாகப் போனது நாதஸ்வரத்தில் ஒன்று. குழந்தையின் அம்மாவிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். கிரைண்டர் ஞாபகம் வந்தது. அப்பா அன்றைக்கு ஏன் யாரையும் திட்டவில்லை என்று யோசித்துக்கொண்டே தடா வரை வந்தேன்.

லேபிள் போன தட்டை ஒரு நண்பர் வீட்டில் 78 முள் போட்டுக் கேட்டோம். கதாகாலட்சேபம். கொரகொரப்புக்கு நடுவில் ஒருவர் சீதையை அசோகவனத்தில் உட்கார வைக்கிறார், மூன்று நிமிஷம் முடிந்துவிடுகிறது. அனுமன் வருகிற தட்டு யாரிடம் இருக்கிறதோ.

அப்பாவிடம் நீல உறையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் முழுவதையும் படித்தார். "உள்ளே?" என்றார். தெலுங்கு என்றேன். "சரி, அதைத்தான் போடேன்."

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதுதான் ஓடுகிறது. அம்மாவுக்கே இப்போது பல்லவி மனப்பாடம். ஒரு வார்த்தைக்கும் பொருள் தெரியாது, கூடவே பாடுகிறாள். தட்டு வேறு உறைக்கு மாறவில்லை, அதே நீல உறைக்குள்தான் இருக்கிறது.

சாச்சாவிடமிருந்து மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் படம் வரும். மங்கலான ஒரு லேபிள், பக்கத்தில் அவர் கட்டைவிரல். நான் பார்த்துத் தமிழ், மலையாளம் என்று எழுதி அனுப்புவேன். போன வாரம் படத்துக்குப் பதில் போனே வந்தது. லேக் மார்க்கெட்டில் ஒரு வீடு காலியாகிறதாம், மூன்று சாக்கு வந்திருக்கிறதாம். நான் பிரித்து வைத்த அடுக்கெல்லாம் மறுபடி ஒன்றாகக் கலந்து கிடக்கிறதாம்.

"கப் ஆவோகே, பேட்டா?" என்றார். எப்போது வருவாய் மகனே என்கிறார். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.